குறைந்த பணத்தில் தற்காப்புக்கான முதல் துப்பாக்கி

கையிலுள்ள பணம் முழுவதையும் துப்பாக்கி ஒன்றுக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதுதான் முதன்முறையாக வாங்குபவர் பலரும் செய்கிற பிழை. தோட்டா வாங்கவும், சுடுதளத்துக்குக் கட்டணம் செலுத்தவும், பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு மூன்று வகுப்புகள் கற்கவும், பூட்டி வைக்கப் பெட்டி ஒன்று வாங்கவும் பணம் மிஞ்சவில்லையென்றால், எவ்வளவு உயர்ந்த துப்பாக்கியும் அலமாரியில் கிடக்கிற ஆபத்தான இரும்புத் துண்டுதான். ஆகவே மொத்தத் தொகையைப் பத்துப் பங்காக்கி, துப்பாக்கிக்கு ஐந்து பங்கு, மிஞ்சிப்போனால் ஆறு பங்கு என்று கடைக்குப் போகும் முன்பே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வகை, எந்தக் காலிபர் (குழல், தோட்டா ஆகியவற்றின் அளவு), புதியதா பழையதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கும் முன்னால் நிற்பது சட்டம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவைப்படும் நாடுகளே அதிகம். தற்காப்பை ஒரு காரணமாகவே ஏற்காத நாடுகளும் உண்டு. கைத்துப்பாக்கிக்கு ஒரு விதி, நீள்குழல் துப்பாக்கிக்கு வேறொரு விதி என்று பிரித்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. விண்ணப்பக் கட்டணம், மருத்துவச் சான்று, கட்டாய வகுப்பு, காத்திருப்புக் காலம் எனப் பணமும் நாளும் பிடிக்கிற சங்கதிகள் இதில் பல இருப்பதால், அவற்றுக்கான தொகையை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் பத்தாகப் பங்கிட வேண்டும். எந்தக் காலிபர் அனுமதிக்கப்பட்டது, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூட்டில்) எத்தனை தோட்டா இருக்கலாம், வீட்டில் எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், எந்தச் சூழலில் சுடுவது தற்காப்பாகக் கொள்ளப்படும் என்பவற்றைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், விதிகளின் அச்சு வடிவத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் ஒருவர் ஆவணம் ஏதுமின்றிப் பாதி விலைக்குத் தருகிறார் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. அது திருட்டுப் பொருளா, ஏற்கெனவே ஒரு குற்றத்தில் பயன்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கள்ளத் துப்பாக்கியோடு நீதிமன்றத்தில் நிற்பவரின் தற்காப்பு வாதம் தொடக்கத்திலேயே நொண்டியடிக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வோடு போராடுகிறவரோ, குடித்தால் நிதானம் இழக்கிறவரோ, அடிக்கடி கைகலப்பில் முடிகிற சண்டையோ இருக்கும் வீட்டுக்குள் துப்பாக்கி வரக் கூடாது. துப்பாக்கி இருக்கும் வீடுகளில் தற்கொலைச் சாவின் அபாயம் கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. அத்தகைய வீட்டில் அதே பணத்தை உறுதியான கதவு, நல்ல தாழ்ப்பாள், வாசல் விளக்கு ஆகியவற்றுக்குச் செலவிடுவதே அறிவு. மற்ற வீடுகளிலும் தாழ்ப்பாள் துப்பாக்கிக்கு முந்தியதுதான்.

எந்த வகை என்ற கேள்விக்கு வருவோம். மூன்று வகைகளே இங்கே பொருட்படுத்தத் தக்கவை: ரிவால்வர், அரைத்தானியங்கிப் பிஸ்டல் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி), பம்ப் வகை ஷாட்கன் (முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நீள்குழல் துப்பாக்கி). ஷாட்கன் பெரும்பாலும் மூன்றிலும் மலிவானது. 12 கேஜ் ஒன்றின் குழல் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ., அதன் வலிமையைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதன் உதை தோளைக் கன்றிப் போகச் செய்யும். குறுகிய நடைவழியில் அதன் நீளம் இடிக்கும். ஒரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ தொலைபேசியைப் பிடித்துக்கொண்டோ அதைக் கையாள முடியாது. ‘ஷாட்கனுக்குக் குறி பார்க்கவே தேவையில்லை’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஓர் அறையின் தூரத்தில் அதன் ரவைகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேல் பெரும்பாலும் விரிவதில்லை.

ரிவால்வரின் நற்குணம் அதன் எளிமை. ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் சுழல் உருளையில் இருக்கும், விசையை இழுத்தால் சுடும், ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மீண்டும் இழுத்தால் அடுத்தது வரும். அதன் குறை, விசை கனமாக இருப்பதும், அதனால் புதியவர் கையில் குறி தவறுவதும், மறுபடி நிரப்ப நேரமாவதும் ஆகும். அரைத்தானியங்கிப் பிஸ்டலில் விசை இலகுவானது, தோட்டாக்கள் அதிகம், உதை குறைவு. ஆனால் ஸ்லைடை, அதாவது பின்னும் முன்னும் நகரும் மேல்பகுதியை, பின்னுக்கு இழுக்க விரலில் வலு வேண்டும், சிக்கிக்கொண்டால் விடுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழகுவதற்கு நேரம் ஒதுக்குகிறவருக்கு நடுத்தர அளவுள்ள பிஸ்டலையே நான் பரிந்துரைப்பேன். கடையில் ஸ்லைடைப் பத்து முறை இழுத்துப் பார்த்து ஏழாவது முறையில் கை தளர்கிறவருக்கு, எஃகுச் சட்டமுள்ள நான்கு அங்குலக் குழல் ரிவால்வரே பொருத்தம்.

காலிபரைப் பொறுத்தவரை பணம்தான் முடிவு செய்கிறது. பிஸ்டலுக்கு 9 மி.மீ. பாராபெல்லம், ரிவால்வருக்கு .38 ஸ்பெஷல்: இரண்டில் ஒன்றைத் தாண்டி யோசிக்க வேண்டிய தேவை அரிது. முன்னது ஜார்ஜ் லூகர் 1902-ல் அறிமுகப்படுத்தியது, பின்னது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1898-ல் கொண்டுவந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டும் உற்பத்தியில் இருப்பதால் தோட்டாவும் உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கின்றன. அதிலும் 9 மி.மீ. பல நாட்டு ராணுவங்களும் காவல்துறைகளும் பயன்படுத்துவது என்பதால், மையத்தில் ஊசி தட்டி வெடிக்கிற கைத்துப்பாக்கித் தோட்டாக்களுள் வழக்கமாக அதுவே மலிவு. விற்பனையாளர் அரிதான காலிபர் ஒன்றைச் ‘சலுகை விலை’யில் காட்டினால், துப்பாக்கியின் விலையைக் கேட்கும் முன் ஐம்பது தோட்டா கொண்ட பெட்டியின் விலையைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஐந்நூறு தோட்டா சுடுபவருக்கு அந்தச் சலுகை ஓராண்டுக்குள் கரைந்துவிடும்.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-லிருந்தே புழங்குவது. விலையும் மிகக் குறைவு, உதையும் இல்லாத அளவே. கற்றுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதன் வெடிப்பொடி அடித்தட்டின் விளிம்புக்குள் பரப்பப்பட்டிருப்பதால், மையத்தில் வெடிமூடி பொருத்திய தோட்டாக்களைவிட அது அடிக்கடி வெடிக்காமல் போகிறது, குண்டும் சிறியது. உதையைத் தாங்கவே முடியாத கைகளுக்கு மட்டும், வேறு வழியில்லாதபோது, அதைத் தற்காப்புக்குச் சொல்லலாம். .357 மேக்னம் ரிவால்வர் நல்ல விலைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அதில்.38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம் என்பது பயிற்சிச் செலவைக் குறைக்கும். .38 ஸ்பெஷல் ரிவால்வரில் .357 மேக்னத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

அளவில் நானே ஏமாந்திருக்கிறேன். என் முதல் துப்பாக்கி, உள்ளங்கைக்குள் அடங்குகிற இலகுவான அலுமினியச் சட்ட ரிவால்வர். கடையில் கையில் எடுத்தபோது கைக்குட்டையைப் போல இருந்தது. விற்பனையாளரும் புதியவர்களுக்கு இதுதான் ஏற்றது என்றார். சுடுதளத்தில் பதினைந்தாவது தோட்டாவுக்குள் கட்டைவிரல் அடியில் தோல் உரிந்து, விசையைத் தொடும் முன்பே கண் தானாக மூடத் தொடங்கிவிட்டது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும் என்கிற எளிய உண்மையை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து அதை நட்டத்துக்கு விற்றேன். சிறிய துப்பாக்கி என்பது தேர்ந்தவர் மறைத்து எடுத்துச் செல்வதற்கு உருவான கருவி. வீட்டில் வைத்திருக்க வாங்குபவருக்கு, கை முழுவதும் பிடிக்கிற கைப்பிடியும் சற்றுக் கனமும் உள்ளதே நண்பன்.

பணம் குறைவு என்றால் பெயர் தெரியாத நிறுவனத்தின் புதிய துப்பாக்கியைவிடப் பெயர் பெற்ற நிறுவனத்தின் பழைய துப்பாக்கி மேல். காவல்துறைகள் தங்கள் துப்பாக்கிகளை மொத்தமாக மாற்றும்போது, பழையவை சில நாடுகளில் உரிமம் பெற்ற விற்பனையாளர்களிடம் வந்து சேர்கின்றன. இவற்றில் பலவும் பல்லாண்டு இடுப்புறையில் உராய்ந்து வெளிப்பூச்சு தேய்ந்திருக்குமே தவிர, ஆண்டுக்கு ஓரிரு முறை தகுதித் தேர்வுக்காகச் சுடப்பட்டவை என்பதால் உள்ளே அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக ஏற்கப்பட்ட கிளாக் 17 போன்ற பிஸ்டல்களும், 1899-லிருந்து வழிவந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 போன்ற ரிவால்வர்களும் இந்த வகையில் கண்ணில் படலாம். வெளியே கீறல் இருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வதில் தவறில்லை. கீறலுக்கும் குண்டு போகும் திசைக்கும் தொடர்பில்லை.

பழையதை எப்படிப் பார்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு மென்துணியும், சிறு கைவிளக்கும், ஒரு வெள்ளைக் காகிதத் துண்டும் கொண்டு செல்லுங்கள். விற்பனையாளர் துப்பாக்கியை நீட்டும்போது, அவர் காலியாக இருக்கிறது என்று சொன்னாலும், மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பாருங்கள். ரிவால்வரானால் உருளையை வெளியே சாய்த்து அறைகள் ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். இது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல விற்பனையாளர் இதைச் செய்கிறவரைத்தான் மதிப்பார். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகள் கடை மேசையிலும் செல்லுபடியாகும்: எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியதே, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாய் திரும்பக் கூடாது, குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கு வெளியே, இலக்கும் அதற்குப் பின்னாலுள்ளதும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

காலி என்று உறுதியானபின், வெள்ளைக் காகிதத்தைத் தோட்டா அறைப் பக்கம் வைத்து விளக்கொளியை அதில் படவிட்டு, குழல் வாய் வழியாக உள்ளே நோக்குங்கள். இப்படி நோக்குவதற்கு ஸ்லைடு திறந்தோ உருளை வெளியே சாய்ந்தோ இருக்க வேண்டும். சுருள் வரிகள் கூர்மையாகவும் பளபளப்பாகவும் தெரிந்தால் நல்லது. அங்கங்கே அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. குழலுக்குள் ஒரு வளையம் போல நிழல் விழுந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கியிருக்க, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டுக் குழல் உப்பியிருக்கலாம். விலை எவ்வளவு இறங்கினாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழல் வாயின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் குறி பிசகும்.

ரிவால்வரில், அனுமதி கேட்டுக்கொண்டு, சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி முழுவதும் பின்னால் வந்து நிற்கும் நேரத்துக்குள் உருளை ‘க்ளிக்’ என்று தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைகளிலும் இதைச் செய்து பாருங்கள். ஓர் அறையில் மட்டும் உருளை அரைகுறையாக நின்றால், அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாத நிலையில் சுடும் ஆபத்து உண்டு. சுத்தி பின்னால் நிற்கும்போது கட்டைவிரலால் அதை முன்னோக்கி மிதமாகத் தள்ளினால் அது விழக் கூடாது. உருளையை மூடிய நிலையில் முன்னும் பின்னும் அசைத்தால் மிகச் சிறு அசைவே இருக்க வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். அதைவிட வெளிப்படையாக அகன்றிருந்தால் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய துப்பாக்கி அது. பிஸ்டலில் பார்க்க வேண்டியவை குறைவு: ஸ்லைடு உராயாமல் ஓடுகிறதா, காலி மேகசினில் பின்னால் பூட்டி நிற்கிறதா, காலி உறையை இழுக்கும் கொக்கியின் முனை உடைந்திருக்கிறதா, மேகசினின் மேல் உதடுகள் நெளிந்திருக்கின்றனவா. ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும் சுருள்வில் தளர்ந்திருப்பது குறையே அல்ல. அது மலிவான உதிரிப் பாகம், வாங்கிய கையோடு மாற்றிவிடலாம்.

செலவைக் கூட்டுகிற அலங்காரங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். லேசர், மின்குறி, வண்ணக் கைப்பிடி, விசை மாற்றும் பொறி ஆகிய எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை. இரவில் ஆளை அடையாளம் காண நல்ல கைவிளக்கு ஒன்று தேவை. அது துப்பாக்கியில் பொருத்தியதாக இல்லாமல் மற்றொரு கையில் பிடிப்பதாக இருந்தால், யாரென்று தெரியாத ஒருவரின் மேல் குழலைத் திருப்பித்தான் முகம் பார்க்க வேண்டும் என்கிற இக்கட்டு வராது. பின்கதவில் அரவம் கேட்டு எழுந்தவர் பார்ப்பது, நேரங்கழித்து வந்த சொந்த மகனாகவும் இருக்கலாம்.

சேமிக்கக் கூடாத இடம் காது. துப்பாக்கிச் சத்தம் ஏறக்குறைய எல்லா வகைகளிலும் 140 டெசிபலைத் தாண்டுவது. கேள்விப்புலன் ஒரே வெடிப்பில் நிரந்தரமாகக் குறைந்துவிடக் கூடும். காதடைப்பும் அதன் மேல் காதுமூடியும், உடையாத கண்ணாடியும் சேர்ந்து ஒரு பெட்டித் தோட்டாவின் விலைக்குச் சற்று முன்பின்னாகவே அடங்கிவிடும்.

தோட்டாவை இரு வகையாக வாங்க வேண்டும். பயிற்சிக்கு முழு உலோக உறையிட்ட குண்டுள்ள மலிவான தோட்டா போதும். வீட்டில் வைப்பதற்கு, சட்டம் அனுமதிக்குமானால், உடலுக்குள் விரிகிற குழிமுனைக் குண்டு. இதில் கொடூரம் பார்க்கிறவர்கள் உண்டு. உண்மையில் முழு உறைக் குண்டு ஆளை ஊடுருவியும் மெல்லிய சுவர்களைத் துளைத்தும் அடுத்த அறையில் தூங்குகிறவரைத் தேடிப் போகும் வாய்ப்பு குழிமுனையைவிட அதிகம். குழிமுனையும் தவறவிட்டால் சுவரைத் துளைக்கும் என்பதை மறக்க வேண்டாம். குழிமுனைத் தோட்டா விலை கூடியது என்பதால், இரண்டு பெட்டி வாங்கி, ஒரு பெட்டியை உங்கள் துப்பாக்கி சிக்காமல் விழுங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பயிற்சித் தோட்டா குறைந்தது இருநூறு தடையின்றி ஓடாத பிஸ்டலை நம்பித் தலைமாட்டில் வைக்க மாட்டேன். அழுத்தம் கூடிய ‘பிளஸ் பி’ என்று குறியிட்ட தோட்டாவை, அதற்கென்று தயாரிப்பாளர் ஒப்புதல் இல்லாத பழைய துப்பாக்கியில் போடக் கூடாது.

காசில்லாத நாள்களில் வளர்கிற திறமை, தோட்டாவின்றி விசை இழுத்துப் பழகுவதில் வருகிறது. தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை இருமுறை சோதித்து, குண்டு துளைக்காத சுவரை நோக்கி நின்று, முன்குறியின் மேல் ஒரு காலி உறையை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுத்துப் பழகுங்கள். முதல் நாள் பத்துக்கு ஒன்பது முறை விழும். நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் செய்தவரின் கையில், சுடுதளத்தில் சுட்ட அட்டையே வேறு மாதிரி இருக்கும். .22 போன்ற விளிம்புத் தோட்டாத் துப்பாக்கிகளை இப்படி வெறுமனே தட்டினால் ஊசியோ அறை விளிம்போ பழுதாகலாம். அவற்றுக்குப் போலித் தோட்டா பயன்படுத்துங்கள். பயிற்சியாளருக்கான தொகையை மட்டும் இதனால் மிச்சப்படுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். தவறான பிடியில் ஆயிரம் முறை பழகினால் தவறுதான் உறுதியாகும்.

பெட்டியில் வந்து நிற்கிறோம். சிறு எஃகுப் பெட்டி, எண் பூட்டோ சாவிப் பூட்டோ உள்ளது, தரையிலோ கட்டில் சட்டத்திலோ திருகாணி இட்டு முடுக்கக்கூடியது: இதுவே கீழ்வரம்பு. மேசை இழுப்பறையின் பூட்டும், அலமாரியின் மேல்தட்டும், தலையணைக்கு அடியும் பூட்டிய இடங்கள் அல்ல. பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட முன்பாகவே நாற்காலி இழுத்துப் போட்டு ஏறுவார்கள். பகலில் தோட்டா வேறு பூட்டில், துப்பாக்கி வேறு பூட்டில் என்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் மிகப் பாதுகாப்பான ஏற்பாடு. கைரேகைப் பெட்டிகளில் மலிவானவை வியர்த்த விரலை ஏற்காமல் அடம்பிடிக்கும். பொத்தான்களைத் தடவியே திறக்கிற இயந்திரப் பூட்டு அந்த விலையில் நம்பகமானது.

சுடுதளத்திலிருந்து திரும்பியதும் முகத்தையும் கையையும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவிய பின்னரே சாப்பாட்டில் கை வையுங்கள். வெடிப்புகையில் ஈயத் துகள் இருக்கிறது. துப்பாக்கியின் வரிசை எண், வாங்கிய ரசீது, உரிமத்தின் நகல், நான்கு பக்கப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, துப்பாக்கி இருக்கும் பெட்டிக்குள் வைக்காமல் வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பெட்டியோடு திருடு போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அந்த வரிசை எண்ணைத்தான்.